ஒட்டகம் குடித்த தண்ணீர்

பன்னிரண்டு மணி நேரம் வண்டியை விட்டு இறங்காமல் ஓட்டுவது பெரிய பெருமை என்று முதன்முதலில் சொன்னவன் எவனோ, அவன் வாயில் மண் விழ. நரெல் பாஸ்கோ பதினோரு வருடம் அந்தப் பெருமையை வைத்துத்தான் பிழைத்தாள்.

அவள் ஓட்டியது பெர்த் நகரத்துக்கு வெகு வடக்கே, பில்பரா பொட்டல்காட்டில், எங்கள் இரும்புச் சுரங்கத்தில், இரண்டு மாடி உயர டிப்பர். பொக்லைன் அள்ளிப் போடும் சிவப்புக் கல்லை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறி, கொட்டிவிட்டு, மறுபடியும் குழிக்குள் இறங்க வேண்டும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை இதேதான். இடையில் பாத்ரூம் போக வேண்டுமானால் ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை ஓரங்கட்ட முடியும். சொன்னால் குழியில் இருக்கும் நாற்பது பேரும் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஜென்மங்களா எங்கள் ஆட்கள்? "இப்பத்தான போன?" என்பான் ஒருவன். "யாராவது அவ பாட்டிலைப் பிடுங்குங்கடா" என்பான் இன்னொருவன். நரெல் வந்த முதல் மாதம் ஒரே நாளில் மூன்று தடவை சொல்லும்படி ஆகிவிட்டது. மூன்றாவது தடவை பொக்லைன்காரன் ஒருவன், "வண்டியிலேயே ஒரு குழாய் மாட்டிவிடச் சொல்லட்டுமா?" என்று கேட்க, குழியே சிரித்தது.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் ரேடியோவில் அதைச் சொன்னதில்லை. எப்படிச் சமாளித்தாள் என்றால், குடிக்காமல் சமாளித்தாள். காலையில் அரைக் கோப்பை டீ, மதியம் ரொட்டியோடு இரண்டு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொளுத்தும். வண்டிக்குள் ஏசி ஓடும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பழகிக்கொண்டாள். அவளுக்கு ஒட்டகம் என்று பேர் வைத்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவளைக் காட்டி, "இவதான் ஒட்டகம், பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட இறங்கினதில்ல" என்று சொல்வார்கள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தங்க மெடல் வாங்கியவள் கூட அப்படிச் சிரிக்க மாட்டாள்.

கேலிப் பேர்தான். ஆனால் அவளைக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு பேர்தான்.

இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்பது எங்கள் கணக்கு. மற்றவர்கள் அந்த ஒரு வாரத்துக்காக நாளை எண்ணுவார்கள். நரெல் அது எப்போது முடியும் என்று எண்ணுவாள். பெர்த்துக்குப் பக்கத்தில் ராக்கிங்ஹாமில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்று படுக்கையறை வீடு. புருஷன் கொல் ஒன்பது வருடத்துக்கு முன்பே கணையத்தில் புற்று வந்து போய்ச் சேர்ந்தான். மகன் கனடாவில் பனிச்சறுக்கு சொல்லித் தருகிறான். அம்மா ஏதாவது எழுதி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும். கடையில் பில் போடும் ஆளில்லாத இயந்திரம் காலியாகக் கிடந்தாலும் நரெல் ஆள் இருக்கும் வரிசையில்தான் போய் நிற்பாள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பாள். அதற்கு "நல்லா இருக்கேன்" என்று சொல்லலாம். அந்த ஒரு பேச்சுக்காக ஒரே வாரத்தில் மூன்று தடவை பால் வாங்கி, இரண்டைக் கெட்டுப்போகவிட்டுக் கொட்டியிருக்கிறாள். வந்த மூன்றாம் நாளே பையைக் கட்டிக் கதவுப் பக்கம் வைத்துவிடுவாள்.

சுரங்க முகாமில் மட்டும் என்ன, சொந்தமா பந்தமா? தகர அறை, ஒற்றைக் கட்டில். பக்கத்து அறைக்காரனை இருமலை வைத்துத்தான் தெரியும். மெஸ்ஸில் சாப்பாட்டை டப்பாவில் வாங்கிக்கொண்டு போய் அறையில் டிவி முன்னால் சாப்பிடுவாள். ஆனால் விடிந்தால் ரேடியோ இருக்கிறது. "ஒட்டகம், மூணாம் பொக்லைனுக்கு வா." "ஒட்டகம், ரோட்டுல கல்லு கிடக்கு, பார்த்து வா." ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை யாராவது அவளை வா என்பார்கள். அது போதும் என்று இருந்தாள் அந்த அறுபத்தொரு வயதுக்காரி.

அதற்குத்தான் ஆபத்து வந்தது.

ஜனவரியில் துளை போடுகிற ஆள் ஒருவன் வெயிலில் சுருண்டு விழுந்தான். அவன் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து பர்கர் கேட்டான். ஆனால் கம்பெனிக்குப் பயம் விட்டுப்போகவில்லை. தினமும் காலை ஷிப்டுக்கு முன்னால் எல்லோரும் சின்னக் கோப்பையில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும், ஒரு சின்னக் கருவி அதைப் பார்த்து எண் சொல்லும் என்று சட்டம் போட்டார்கள். பச்சை என்றால் வேலைக்குப் போகலாம். மஞ்சள் என்றால் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். சிவப்பு என்றால் அன்றைக்கு வண்டி கிடையாது. மூன்று சிவப்பு என்றால் விமானத்தில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டாக்டர் சான்று கொடுத்த பிறகுதான் திரும்பி வர முடியும். எல்லாப் பாத்ரூம் கதவிலும் நிற அட்டை ஒட்டினார்கள். அடியில் காபி நிறம், மேலே வர வர வெளுத்து, உச்சியில் வெறும் தண்ணீர் நிறம், பக்கத்தில் கட்டைவிரல் தூக்கிய பொம்மை. அதற்கு மேலே போனால் என்ன என்று அந்த அட்டையில் ஒரு வரியும் இல்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு நாளில் நரெலுக்கு இரண்டு சிவப்பு.

"கிழவி, இது ஒண்ணுக்கா, இஞ்சின் ஆயிலா?" என்றான் டேரில். அவன் எங்கள் ஷிப்டு மேற்பார்வையாளன். நல்லவன்தான், வாய்தான் நீளம்.

"டீ கொஞ்சம் ஸ்ட்ராங்காக் குடிச்சேன்" என்றாள் நரெல்.

"விளையாடாத. இது ரெண்டாவது. இன்னொரு சிவப்பு வந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போட்டு உன்னை பிளேன் ஏத்தணும். எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

"ஏத்திட்டா, எப்பத் திரும்பி வரலாம்?"

"டாக்டர் விட்டாத்தான். அறுபது தாண்டின ஆளை டாக்டர் ஒருத்தன் கையில பிடிச்சுட்டான்னா லேசுல விடமாட்டான். ரத்தம் பாரு, இதயம் பாரு, கண்ணைப் பாருன்னு மாசக்கணக்குல இழுப்பான். எதுக்கு உனக்கு அந்தத் தலைவலி? தண்ணியைக் குடி. தண்ணி குடிச்சுச் செத்தவன் எவனாவது உண்டா?"

அன்று வண்டி இல்லாமல் ஓய்வுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோவில் அவள் வண்டி எண்ணுக்கு வேறொருவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். மாசக்கணக்கில் ராக்கிங்ஹாம் வீடு. அந்த வரவேற்பறை, அந்த ஃபிரிட்ஜின் சத்தம்.

அடி பைத்தியக்காரி, பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, எல்லோரையும் போல ரேடியோவில் சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், எல்லாம் முடிந்த பிறகு. ஒட்டகம் இறங்கினால் அப்புறம் அது ஒட்டகமா? யாரோ ஒரு வயதான நரெல், அவ்வளவுதான். வீட்டுக்கும் போகக் கூடாது, பேரும் போகக் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பரீட்சைக்கு முன்பே எல்லாத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்துவிடுவது.

ஷிப்டு முடிந்து அறைக்கு வந்ததும் ஒன்றரை லிட்டர் பாட்டில் நான்கை வரிசையாக மேசையில் வைப்பாள். படுப்பதற்குள் இரண்டு காலி. விடிய மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்து மற்ற இரண்டையும் மருந்து போலக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவாள். வண்டியில் ஏறியபின் என்ன செய்வாள் என்றால், பெரியவர்கள் போடும் டயப்பர் பாக்கெட் ஒன்று அவள் பையின் அடியில் ஆறு வருடமாக இருந்தது. அதை ஒரு பூச்சி கூட அறியாது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஊரில் ஒரு டாக்டர் அவளுக்குப் பிரஷர் என்று சொல்லி, உடம்பில் உள்ள நீரைப் பிரித்துவிடும் மாத்திரை ஒன்றைத் தினமும் போடச் சொல்லியிருந்தார். உப்பைக் குறை என்றும் சொல்லியிருந்தார். சொன்னதைத் தட்டாத பெண் இவள். உப்பையே விட்டுவிட்டாள். மெஸ்ஸில் பன்றிக்கறி வறுவலைத் தொடமாட்டாள். வேகவைத்த பூசணி, வேகவைத்த கோழி, வெறும் ரொட்டி.

முதல் நாள் காலை கோப்பையை நீட்டினாள். டேரில் கருவியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி கருவியைப் பார்த்தான்.

"அடிசக்கை! டேய், எல்லாரும் இங்க வாங்கடா. இதைப் பாருங்க. குழாய்ல பிடிச்சதா உடம்புல பிடிச்சதான்னு சந்தேகமா இருக்கு."

"ஒட்டகம் தொட்டியைக் கண்டுபிடிச்சிருச்சு!" என்று கத்தினாள் கிர்ரா. இருபத்துநாலு வயதுப் பெண், நரெலுக்கு அடுத்த வண்டி ஓட்டுகிறவள். கையை உயர்த்தி அவள் கையில் தட்டினாள்.

டேரில் வெள்ளைப் பலகையில் நரெல் பேரை எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டான். நாற்பது பேர் கை தட்டினார்கள். கேலிக்குத்தான் தட்டினார்கள், ஆனாலும் தட்டினார்கள்.

அன்று மாலை நரெல் வழக்கம்போல டப்பாவில் சோறு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். மெஸ்ஸில் இருந்து கிர்ரா கூப்பிட்டாள். "ஏய் நட்சத்திரம், எங்க ஓடுற? இங்க வந்து உட்காரு. எனக்குத் தினமும் மஞ்சள்தான் வருது. உன் ரகசியத்தைச் சொல்லு."

நரெல் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் பூசணியை முள்கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தாள். கிர்ரா தானாகவே பேசினாள். புரூம் ஊரில் இருக்கும் தன் அம்மாவைப் பற்றி, விட்டுப் போன காதலனைப் பற்றி, அவன் எடுத்துக்கொண்டு போன மீன்பிடிப் படகைப் பற்றி. முக்கால் மணி நேரம். எழுந்து போகும்போது "நாளைக்கும் இங்கதான், சரியா?" என்றாள். அறைக்குத் திரும்பிய நரெல் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். துக்கமில்லை, சந்தோஷம்தான். பிறகு பாட்டில்களை எடுத்து நிரப்பினாள். அன்று நான்கல்ல, ஐந்து.

இப்படி ஐந்து நாள். ஐந்து நட்சத்திரம்.

ஆறாம் நாள் காலை எழுந்தபோது கல்யாண மோதிரம் விரலில் புதைந்திருந்தது. சோப்புப் போட்டும் கழலவில்லை. தலைக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல இருந்தது. வயிற்றைப் புரட்டியது. பூட்ஸ் காலில் ஏறவில்லை, கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு போனாள். பரீட்சையில் பச்சை. ஆறாவது நட்சத்திரம். கை தட்டுவது அவளுக்கு எங்கோ தூரத்தில் கேட்டது.

எட்டு மணிக்கு முகப்புக் கண்ணாடியில் சாலை இரண்டாகத் தெரிந்தது. ஒன்பதுக்கு அவள் வண்டியை நிறுத்தி, அந்த முதல் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இறங்கினாள். பாத்ரூமுக்காக அல்ல. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வந்ததெல்லாம் தண்ணீர். பின்னால் வந்த கிர்ரா வண்டியை நிறுத்தி ஓடி வந்தாள்.

"என்ன ஆச்சு? வெயில் அடிச்சிருச்சா? முகமெல்லாம் வீங்கியிருக்கே. இந்தா, தண்ணி குடி."

"வேண்டாம்" என்றாள் நரெல்.

"வேண்டாம்னா எப்படி? தலை வலிக்குதா? வாந்தி வருதா? உடம்புல தண்ணி இல்லன்னாத்தான் இதெல்லாம் வரும். அட்டையில போட்டிருக்கான்ல. குடி, குடி."

பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று முழுதாகக் குடிக்க வைத்தாள். பிரியத்தில் செய்தாள். எங்கள் ஊரில் பிரியத்துக்கு வேறு அடையாளம் இல்லை. தலைவலியா, தண்ணி குடி. மயக்கமா, தண்ணி குடி. பொண்டாட்டி விட்டுப் போயிட்டாளா, மச்சான், முதல்ல ஒரு பாட்டில் தண்ணி குடி.

நரெல் மறுபடி ஏறி வண்டியை எடுத்தாள். ஐயோ, அங்கேயே படுத்திருக்கக் கூடாதா! இறங்கிப் படுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற ஒரே நினைப்புதான் அவள் தலையில் தெளிவாக இருந்தது, மற்றதெல்லாம் கலங்கிப் போயிருந்தது. சரக்கை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். கொட்ட வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

"ஒட்டகம், எங்க போற?" என்றது ரேடியோ. "வண்டியை நிறுத்து. உன் வண்டி எண் சொல்லு."

வண்டி நிற்கவில்லை.

"ஒட்டகம்! எண் சொல்லு."

"வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க" என்றாள் நரெல். "நான் குடிச்சுட்டேன். எல்லாத்தையும் குடிச்சுட்டேன்."

குழியில் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. டேரில் ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தான். நல்ல காலம், அவள் கால் பிரேக்கில் இருந்தது. இறக்கி, கொட்டகைக்குக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்து, அவனும் செய்தது அதேதான். ஐஸ் போட்ட தண்ணீரை வாயில் ஊற்றினான். கிர்ரா கழுத்தில் ஈரத்துணி போட்டாள். இரண்டு டம்ளர் உள்ளே போயிருக்கும். அதற்குள் நரெலின் கண் மேலே செருகியது, பல் கிட்டியது, உடம்பு வில்லாக வளைந்து கை கால் வெட்டி இழுத்தது.

ஹேமி வந்து சேர்ந்தபோது வலிப்பு அடங்கிக்கொண்டிருந்தது. ஹேமி எங்கள் முதலுதவிக்காரன், நியூசிலாந்து மாவோரி, சத்தம் போட்டுப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. வந்தவன் மூச்சைப் பார்த்தான், சர்க்கரையைப் பார்த்தான், உடம்பைத் தொட்டுப் பார்த்தான். சூடே இல்லை. புதைந்த மோதிரத்தைப் பார்த்தான்.

"காலையில இருந்து என்ன குடிச்சா?"

"தண்ணிதான். ஆனா பத்தல போலிருக்கு. நாங்களும் கொடுத்துட்டேதான் இருக்கோம்" என்றாள் கிர்ரா. அவள் கையில் இன்னொரு பாட்டில் திறந்து இருந்தது.

ஹேமி அதைப் பிடுங்கி எறிந்தான். "இன்னொரு சொட்டு ஊத்தினீங்க, ஆளைக் கொன்னுருவீங்க! அறையில எத்தனை பாட்டில் இருக்குன்னு யாராவது போய்ப் பாருங்க. என்ன மாத்திரை போடுறான்னு பாருங்க. ஓடுங்க!"

ஊசியால் கொஞ்சம் ரத்தம் எடுத்து, கையடக்கக் கருவியில் விட்டான். சோடியம் நூற்றுப் பதின்மூன்று. நூற்றுமுப்பத்தைந்துக்குக் கீழே இறங்கக் கூடாதாம். ரத்தத்தில் இருக்கும் உப்பு நீர்த்துப்போய், அந்தத் தண்ணீர் மூளைக்குள் போய் மூளை வீங்கிவிட்டது என்று டெலிபோனில் டாக்டரிடம் சொல்லிக்கொண்டே, நல்ல அடர்த்தியான உப்பு நீரை அளந்து நரம்பில் ஏற்றினான். அறைக்கு ஓடியவன் காலி பாட்டில் ஐந்தையும் மாத்திரை அட்டையையும் கொண்டுவந்து நீட்டினான். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

"தண்ணி குடிச்சதாலயா?" என்று டேரில் மூன்று தடவை கேட்டான். "வெறும் தண்ணிடா ஹேமி. தண்ணி."

"தண்ணிதான். வெயில்ல வேர்த்து வேலை செய்றவனுக்கு அது மருந்து. உப்பும் திங்காம, நீர் பிரிக்கிற மாத்திரையும் போட்டுக்கிட்டு, ஏசிக்குள்ள உட்கார்ந்து ராத்திரிக்கு ஏழு லிட்டர் குடிச்சா விஷம். சிறுநீரகம் எவ்வளவுதான் இறைக்கும்? சரி, அவ வீட்டுக்கு யாரையாவது கூப்பிட்டுச் சொல்லு. ஃபார்ம்ல நம்பர் இருக்கும்."

டேரில் அலுவலகத்துக்குப் போய் அவள் ஃபார்மை எடுத்தான். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது அவன் பேர். அவன் போன் நம்பர். உறவு என்ற இடத்தில் "ஷிப்டு" என்று எழுதியிருந்தாள். அவன் அந்தக் காகிதத்தோடு வெளியே வந்து, எங்கள் யாரையும் பார்க்காமல் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

விமானம் வந்து அவளைப் பெர்த்துக்குக் கொண்டுபோனது.

நரெலுக்குச் சுயநினைவு வரும்போது மேலே வெள்ளைக் கூரை. ஒரு கை அவள் கையைப் பிடித்திருந்தது. "உங்க பேர் என்னம்மா?" என்றது ஒரு குரல். நீவ் என்ற அயர்லாந்து நர்ஸ். "எங்க இருக்கீங்க? இன்னைக்கு என்ன கிழமை?"

"மூணாம் பொக்லைன் கிட்ட" என்றாள் நரெல்.

"சரி. பரவாயில்ல. என் விரலை இறுக்கிப் பிடிங்க பார்ப்போம். நல்லது. ஒரு மணி நேரத்துல திரும்ப வர்றேன்."

வந்தாள். மணிக்கொரு தடவை நீவ் வந்தாள். அவள் ஷிப்டு முடிந்தால் இன்னொருத்தி வந்தாள். உப்பை அவசரமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்தாம், அதனால் நிதானமாக ஏற்றி, மணிக்கொரு தடவை மூளை எப்படி இருக்கிறது என்று கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டுமாம். பேர் என்ன, எங்க இருக்கீங்க, என்ன கிழமை, கையைப் பிடிங்க. குடிக்கத் தண்ணீர் நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் கிடையாது. அதையும் டம்ளர் டம்ளராக எழுதி வைத்தார்கள். மூன்றாம் நாள் நரெல் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாள். மோதிரம் விரலில் சுழன்றது. கேள்வி இரண்டு மணிக்கொரு தடவை ஆயிற்று, பிறகு நான்கு மணிக்கொரு தடவை.

நான்காம் நாள் டேரில் போன் செய்தான்.

"கிழவி, எப்படி இருக்க? கேளு, அந்த அட்டையை எல்லாம் கிழிச்சுட்டாங்க. புதுசா வருதாம். கிர்ரா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா. அழுதுட்டா பாவம்."

"நான் எப்ப வரலாம் டேரில்?"

அவன் கொஞ்சம் இருமினான். "டாக்டர் உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

டாக்டர் அன்று மத்தியானம் சொன்னார். அவர் சின்ன வயசுப் பெண், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அந்தப் பிரஷர் மாத்திரை இனி வேண்டாம், மாற்றி எழுதியிருக்கிறேன். உப்புப் போட்டுச் சாப்பிடுங்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் விடுங்கள். மூளையில் சேதம் எதுவும் இல்லை, நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆனால் வலிப்பு வந்தவர் கனரக வண்டி ஓட்ட முடியாது. ஒரு வருஷம் கழித்துத்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும்.

"ஒரு வருஷமா?" என்றாள் நரெல். "எனக்கு அறுபத்தொண்ணு டாக்டர்."

"தெரியும்மா. என்னால வேற எழுத முடியாது. மத்தபடி நீங்க நல்லாத் தேறிட்டீங்க. நாளைக்குக் காலையில கடைசியா ஒரு தடவை பார்ப்பாங்க, எல்லாம் சரியா இருந்தா மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம். வீட்டுல யார் இருக்காங்க?"

"இருக்காங்க" என்றாள் நரெல்.

குடித்ததெல்லாம் எதற்காக? வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக. குடித்ததுதான் அவளை வீட்டுக்கு அனுப்புகிறது. அழுகை கூட வரவில்லை. வெளியே கார் நிறுத்தும் இடத்தில் மனிதர்கள் பூங்கொத்தும் பையுமாக ஆளுக்கொரு ஆளைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நீவ் வந்தாள். கையில் வீட்டுக்குப் போகும் காகிதங்கள். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் புதன்கிழமை என்று போட்டிருந்தது. காலை டிபன் கொண்டுவந்தவனும் "இன்னைக்கு புதன், பான்கேக் உண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

"கடைசித் தடவை" என்று சிரித்தாள் நீவ். "பேர் என்ன?"

"நரெல் பாஸ்கோ."

"எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில. பெர்த்துல."

"இன்னைக்கு என்ன கிழமை?"

நரெல் அவள் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம், சோர்ந்த முகம்.

"ஞாயிறு" என்றாள்.

நீவின் சிரிப்பு நின்றது. "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. என்ன கிழமை?"

"ஞாயிறுதான்."

"வருஷம்?"

நரெலுக்குப் பயமாக இருந்தது, பொய் சொல்வது வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நீவ் காகிதங்களை மேசையில் வைத்தாள், நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, ஒண்ணும் அவசரமில்ல. டாக்டர்கிட்ட நான் பேசுறேன். இன்னைக்கு எங்கேயும் போக வேண்டாம். பழையபடி மணிக்கொரு தடவை வந்து பார்க்கிறேன், சரியா? இப்ப என் விரலை இறுக்கிப் பிடிங்க."

நரெல் இறுக்கிப் பிடித்தாள்.

"போதும்" என்றாள் நீவ். "விடுங்க, போதும்."

நரெல் விடவில்லை.